பாதைக்குப் போன ஞாயிறு

டொக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. பிள்ளையை வாரத்தில் ஒரு நாளாவது வெளியே கூட்டிப் போங்கள், ஆட்களைக் காட்டுங்கள், ஆடு மாடு காட்டுங்கள், பயமில்லாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். பயமில்லாத இடம்! தொண்ணூற்றேழாம் ஆண்டில் மட்டக்களப்புப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்திருந்தால், டொக்டர்தான் முதல் ஆளாகப் பெட்டி படுக்கையோடு அங்கே குடியேறியிருப்பார்.

புஸ்பம் இதை ஆஸ்பத்திரி வாசலில் நின்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இடுப்பில் இரண்டரை வயது சுலக்சன் இருந்தான். இரண்டு மாதமாக அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுதால்கூடச் சத்தம் வராது. கண்ணால் மட்டும் நீர் ஓடும். அவள் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

பிறவியிலேயே அப்படி என்றால் விதி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இவனோ ஓயாத வாய்க்காரன். மாட்டைக் கண்டால் மாடு என்பான், காணாவிட்டாலும் மாடு என்பான். அப்பா வேலைக்குப் புறப்பட்டால் வேலிப் படலைவரை ஓடிப்போய் நானும் நானும் என்று நிற்பான். கார்த்திகை மாதத்தில் புலிகளைத் தேடி இராணுவத்தார் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். அன்றோடு எல்லாம் நின்றுபோனது.

அன்றைக்கு விடியுமுன்பே ஊர்ச்சனம் முழுவதையும் ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். ஆண்கள் வரிசையாக, முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் நடந்துபோக வேண்டும். அவன் தலையை ஆட்டினால் லொறியில் ஏற்றிவிடுவார்கள். புஸ்பத்தின் புருசன் அழகரத்தினத்தின் முறை வந்த நேரம் பார்த்துச் சுலக்சன் வீரிட்டுக் கத்தினான். ஒரு சிப்பாய் திரும்பிப் பார்த்தான். "வாயைப் பொத்து புள்ள, வாயைப் பொத்து" என்று பக்கத்தில் இருந்தவர்கள் பதறினார்கள். புஸ்பம் பொத்தினாள். இறுக்கிப் பொத்தினாள். அழகரத்தினம் தலையாட்டியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது பிள்ளை அழவில்லை. நல்ல பிள்ளை என்று சனம் மெச்சிக்கொண்டது.

ஆமிக்குப் பயந்து பிள்ளையின் வாய் அடைத்துப்போயிற்று என்றுதான் ஊர் சொன்னது. அடைத்தது தன் கை என்று புஸ்பத்துக்குத் தெரியும். இதை அவள் புருசனிடம்கூடச் சொல்லவில்லை.

அழகரத்தினம் நெல் ஆலையில் மூட்டை தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடும். ஆகவே பயணம் என்றால் தாயும் பிள்ளையும்தான். புஸ்பம் மூன்று நிபந்தனை வைத்துக்கொண்டாள். பஸ் காசுக்கு மேலே செலவு வரக்கூடாது. பின்னேரம் நாலு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். போகிற இடத்தில் பிள்ளை பார்த்து மகிழ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். முதல் இரண்டும் ஒத்து வந்தால் மூன்றாவது காலை வாரிவிடும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

முதல் ஞாயிறு சித்தாண்டிக்குப் போனாள். முருகன் கோயில், மயில்கூட வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர்கள் இருந்த களுவாஞ்சிக்குடியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் ஐந்து சோதனைச்சாவடி. ஒவ்வொன்றிலும் பஸ்ஸால் இறங்கி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். போய்ச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. மயிலும் தன் பாட்டில் எங்கேயோ போயிருந்தது. சுலக்சன் தோளில் நல்ல நித்திரை. அவன் கண் விழித்தது திரும்பி வரும் வழியில், துவக்கோடு நின்ற சிப்பாய் ஒருவன் அவர்களுடைய பைக்குள் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில். சாமி பார்க்கப் போய்ச் சாவடி பார்த்து வந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது ஞாயிறு தேற்றாத்தீவில் மச்சாள் சீதேவி வீட்டுக்கு. சோறும் கிடைக்கும், பிள்ளைக்கு விளையாட ஆட்களும் கிடைப்பார்கள் என்பது கணக்கு. சோறு கிடைத்தது. விளையாட வந்த பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் சுலக்சனை நடுவில் இருத்திவைத்து, "மாமி சொல்லு... எங்க, மாடு சொல்லு" என்று ஆளுக்கொரு பக்கமாகக் கேட்டார்கள். அவன் கட்டிலுக்குக் கீழே புகுந்தவன், பஸ்ஸுக்கு நேரமாகும்வரை வெளியே வரவில்லை. பாசத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாசத்தையும் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் காட்டினால் அதுவும் ஒரு சுற்றிவளைப்புத்தான்.

மூன்றாவது பயணத்துக்கு யோசனை சொன்னவள் பக்கத்து வளவு அன்னப்பூரணி. இடியப்பம் அவித்து விற்கிறவள். ஊர் விசயம் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும்.

"நீ ஏன்கா பஸ்ஸேறி அலையிறாய்? பாதைக்குக் கூட்டிப் போ. நடக்கிற தூரம்தான். ஒரு சதம் காசில்ல. சின்னப் புள்ளையளுக்கு அதைப்போல விளையாட்டு வேற இல்ல" என்றாள் வேலிக்கு மேலால்.

பாதையில் என்ன விளையாட்டு என்று புஸ்பத்துக்கு விளங்கவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அழகரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்த நாலு வருசத்தில் இந்த ஊர்ப் பேச்சு அவளைப் பல தரம் குப்புற விழுத்தியிருக்கிறது. "புள்ள பேசவே மாட்டேங்குறான்க்கா" என்று முதலில் போய் அழுதபோது இதே அன்னப்பூரணி, "ரெண்டரை வயசுப் புள்ள ஆரைப் பேசுற? பேசாட்டி நல்லம்தானே" என்றாள். இங்கே பேசுவது என்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. அது தெரியாமல் போனதற்கே ஒரு வாரம் சிரித்தார்கள். பாதையில் என்ன சந்தேகம், பாதை பாதைதானே என்று புஸ்பம் முடிவு கட்டினாள்.

ஞாயிறு காலை பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் பொட்டு வைத்துக் கொண்டுபோய்ப் பெரிய தெருவின் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு சைக்கிள் போனது. ஒரு பஸ் போனது. பிறகு வெகு நேரம் ஒன்றும் போகவில்லை. அதன் பிறகு ஆமி லொறி இருபத்திரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. சுலக்சன் அவளுடைய கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கினான். யாருக்காகக் காத்து நிற்கிறாய் என்று காவலுக்கு நின்ற சிப்பாய் வந்து கேட்டான். பாதை பார்க்க வந்தோம் என்றாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

வீட்டுக்கு வந்தவள் நேரே வேலியடிக்குப் போனாள்.

"என்னக்கா நீங்க? புள்ளைய கூட்டிட்டுப் போற எடமா அது? ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். ஆமி லொறிதான் வந்துச்சு!"

"பாதைக்கு எப்பிடிகா லொறி வரும்? நீ எந்தத் துறைக்குப் போனாய்?"

"தொறையா? ரோட்டுக்குத்தானே போனேன்?"

அன்னப்பூரணி கையிலிருந்த இடியப்பத் தட்டுகளை நிலத்தில் வைத்துவிட்டு வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"அடி மனே! றோட்டுக்கு நாங்க றோட்டு என்டுதான் சொல்ற. பாதை என்டா துறையில ஓடுற பாதை. ஆக்களையும் வண்டிலையும் ஆட்டையும் மாட்டையும் ஏத்திக்கிட்டு ஆத்தால அக்கரைக்குப் போகுமே, அந்தப் பாதை!"

வாவியில் மிதக்கிற ஒரு பெரிய தட்டுக்குப் பாதை என்று பெயர் வைத்த ஊரை என்னவென்று சொல்வது? புஸ்பத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் எதிரே ஒருத்தி வேலியோடு சாய்ந்து சிரிக்கும்போது எவ்வளவு நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியும்? அவளும் சிரித்துவிட்டாள். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தரம். சுலக்சன் அவளுடைய வாயையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகரத்தினத்துக்குத்தான் யோசனையாக இருந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, ஆமியின் பக்கம். மேற்கே படுவான்கரை, புலிகள் இயக்கத்தின் பக்கம். பாதை இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

"போறதெண்டா போ. அக்கரையில மட்டும் இறங்கிராத. இறங்கினா நூறு கேள்வி கேப்பானுகள்" என்றான்.

"எறங்க மாட்டேன். போய்ட்டு அப்படியே திரும்பி வந்துருவேன்."

நாலாவது ஞாயிறு அவள் துறைக்குப் போனாள். துறையில் மண்மூட்டைச் சாவடி. பெயர் பதிகிற கொப்பியோடு இருந்த இளம் சிப்பாய் அடையாள அட்டையில் பதுளை என்று இருந்ததைக் கண்டு அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். எங்கே போகிறாய் என்று கேட்டான். பிள்ளைக்குப் பாதை காட்டப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவன் கொப்பியில் ஏதோ எழுதிவிட்டுப் போகவிட்டான்.

பாதை என்பது பீப்பாய்களின்மேல் பலகை அடித்த தட்டுத்தான். டீசல் அக்கரைக்குப் போகக்கூடாது என்று தடை இருந்தபடியால் எஞ்சின் சாக்கால் மூடிக் கிடந்தது. கரையிலிருந்து கரைக்கு ஒரு தடித்த கயிறு கட்டியிருந்தார்கள். ஏறினவர்கள் எல்லாரும் அதைப் பிடித்து இழுத்தால்தான் பாதை நகரும். இழுக்கவைப்பவர் வினாயகமூர்த்தி என்ற பாதைக்காரர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கோயில் மணி.

"கயிறு பிடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"ஓம்!" என்றது சனம் முழுவதும். ஆமாம் என்பதற்கு இந்த ஊரில் ஓம்.

"காத்து எதிராலயா?"

"ஓம்!"

"இழுப்பமா?"

"ஓம்!"

ஒவ்வொரு ஓமுக்கும் ஓர் இழுவை. முதலாவது ஓமுக்கே சுலக்சன் திடுக்கிட்டு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். இதுவும் பிழைத்துவிட்டது என்று புஸ்பத்துக்கு நெஞ்சு விட்டுப்போனது. இறங்கலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர். அக்கரையில் காவல் நின்ற இயக்கத்துக்காரர்கள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்கள். பிள்ளைக்குக் காட்ட வந்தேன் என்று அவர்களிடமும் அதே பதிலைத்தான் சொன்னாள்.

திரும்பி வரும்போது பாதையில் ஓர் ஆடு ஏறியது. சுலக்சனின் தொங்கிய காலை அது மோந்து பார்த்து நக்கியது. அவன் முகத்தை எடுத்தான். ஆட்டைப் பார்த்தான். கயிற்றிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தான். கத்துகிறவர்களின் முகங்களைப் பார்த்தான், கத்திவிட்டுச் சிரிக்கிறார்கள். சத்தம் போடுகிற பெரியவர்கள் சிரிப்பதை அவன் கண்டு எவ்வளவு காலம்!

இக்கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் புஸ்பம் இறங்காமல் நின்றாள்.

"என்ன தங்கச்சி, அக்கரையில எதையும் மறந்து போட்டயா?" என்றார் வினாயகமூர்த்தி.

"இல்லண்ணே. புள்ளைக்கிக் காட்டுறேன். இவனுக்குக் கதை நின்னுபோச்சு. மூணு மாசம்."

அவர் பிள்ளையைப் பார்த்தார். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, எதையாவது சொல்லு தம்பி என்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அப்ப கீழ விட்டுட்டுக் கயிறைப் பிடி. சும்மா நிக்கிறவங்களுக்குப் பாதையில இடமில்ல."

அவள் பிள்ளையைத் தன் கால்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். மலை ஏறி இறங்கின உடம்பு, நன்றாகவே இழுத்தது. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு ஓமுக்கும் அவனுடைய உதடு குவிவதைக் கண்டாள். சத்தம் வரவில்லை. கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இழுத்தாள். மூன்றாவது சுற்று முடிந்து பாதை இக்கரையில் முட்டியது. எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டுச் சாமான்களைத் தூக்கினார்கள்.

"ஓம்!"

பிந்தி வந்த ஒரு சின்னக் குரல். துருப்பிடித்த குழாயில் முதல் தண்ணீர் வருவதுபோலக் கரகரத்திருந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. வினாயகமூர்த்தி ஒன்றும் நடக்காதவர்போல, "இன்னொருக்கா இழுப்பமா?" என்றார்.

"ஓம்!" என்றான் சுலக்சன்.

புஸ்பம் பலகையில் குந்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கீரைக்கட்டோடு நின்ற ஒரு பெண் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய சனம் அவசரப்படாமல் நின்றது.

சந்தோசத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதென்றாலும் சாவடியைக் கடந்துதானே போக வேண்டும். கொப்பிச் சிப்பாய் அவளை மறித்தான். மூன்று தரம் போயிருக்கிறாய், மூன்று தரமும் இறங்கவில்லை, யாருக்கு என்ன செய்தி கொண்டுபோனாய் என்று கேட்டான். அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. குனிந்து, உடைந்த தமிழில் பிள்ளையிடம் கேட்டான்.

"தம்பி, புலி மாமா வீட்டுக்கு வாறதா?"

"ஓம்!" என்றான் சுலக்சன் உற்சாகமாக.

பின்னால் நின்றவர்கள் ஓரடி தள்ளிப்போனார்கள். புஸ்பத்தின் கை தானாகவே பிள்ளையின் வாயை நோக்கி எழும்பியது. பாதி வழியில் அதைக் கண்டாள். தன் கைதான் என்று கண்டாள். செத்தாலும் இனி இதைச் செய்ய மாட்டேன் என்று கையைக் கீழே போட்டாள்.

"ஐயா, இன்றைக்குத்தான் இவனுக்கு வாய் வந்தது. இந்த ஒரு சொல்தான் தெரியும். பாருங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "மீனு மரத்துல ஏறுமா?"

"ஓம்!"

"நெலா நம்ம வீட்டுல சோறு தின்னுச்சா?"

"ஓம்!"

இரண்டையும் சிங்களத்தில் சொன்னாள். இளம் சிப்பாயின் முகத்தில் மாற்றம் இல்லை. பேனை கொப்பியின்மேலேயே நின்றது. அப்போது மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து வெற்றிலை மென்றபடி வயதான சிப்பாய் ஒருவன் வந்தான். அவன் பிள்ளையின் முன்னால் குந்தி, கொப்பிக்காரனைக் கையால் காட்டினான்.

"தம்பி, இது பொம்பிளையா?"

சுலக்சன் கொப்பிக்காரனை நன்றாகப் பார்த்தான். "ஓம்!" என்றான்.

சாவடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற சனம் சிரிப்பதா வேண்டாமா என்று பயந்து பயந்து சிரித்தது. கொப்பிக்காரனுக்குக் காது சிவந்துவிட்டது. எழுதியதை வெட்டிவிட்டு அட்டையை நீட்டினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

துறையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சுலக்சன் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பசிக்குதா என்று கேட்டாள். ஓம். தூக்கவா? ஓம். ஆடு நல்ல ஆடா? ஓம். கேட்டுக் கேட்டு, பதிலைக் குடித்துக் குடித்து நடந்தாள். பாதி வழியில் ஒரு பயம் வந்தது. கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓம்தானா? கிளிப்பிள்ளைபோல இந்த ஒன்றோடு நின்றுவிடுவானா? அழகரத்தினத்திடம் என்னவென்று சொல்வது?

பூவரச மரத்தடியில் நின்றாள். பிள்ளையின் முன்னால் முழங்காலில் இருந்தாள். மூன்று மாதமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த ஒன்று இருந்தது. இப்போது கேட்டால் அதற்கும் ஓம் என்றுதான் சொல்வான். சொல்லட்டும், அது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கி ஒன் வாயைப் பொத்தினேன்ல... அம்மா மேல கோவமா?"

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இல்ல" என்றான்.